தானாகத் திரும்பும் கழுத்து

மயிலாப்பூர் சபா மேடையில் வயலின் வாசிப்பவரைக் கவனியுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, கருவியின் சுருள் முனையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்துக்கொள்கிறார். கழுத்துக்கு அதில் வேலையே இல்லை. மேற்கத்தியக் கலைஞரோ தாடைக்கும் தோளுக்கும் இடையே வயலினை இடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் வாசிக்கிறார்.

தி.நகரில் அந்தச் சலுகை கிடையாது. கல் பதிக்கும் நகைப் பட்டறைக்காரர், பிளவுஸ் தைக்கும் டெய்லர் எல்லோரும் நாளெல்லாம் குனிந்த தலைதான். நிமிர்ந்த தலையின் எடை சுமார் 5 கிலோ. அதை 60 டிகிரி குனிந்தால் கழுத்து தாங்கும் பளு 27 கிலோ என்று 2014-ல் நியூயார்க் மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். கணினி மாதிரியில் போட்ட கணக்கு என்பதால் கிலோவுக்குக் கிலோ நம்ப வேண்டாம். குனியக் குனியப் பளு கூடும் என்பது மட்டும் நிஜம். கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழக அரசு 2021-ல் சட்டம் கொண்டுவந்தது. உட்கார்ந்தே கழுத்தைத் தேய்ப்பவர்களுக்கு அதனால் என்ன பயன்?

இப்படி வரும் பிடிப்பு பெரும்பாலும் ஓய்வு, பிசியோதெரபியில் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் தலை தானாக ஒரு பக்கம் திரும்பும், சமயத்தில் நடுங்கும். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புவரை இறங்கும் தசை ஒரு பக்கம் புடைத்து நிற்கும். வலப்பக்கத் தசை இழுத்தால் முகம் இடப்பக்கம் போகும். இதுதான் செர்விக்கல் டிஸ்டோனியா. பழுது தசையில் இல்லை, மூளை அதற்கு அனுப்பும் கட்டளையில். சுளுக்கு வழிக்கிறவரிடம் போய்ப் பலனில்லை. விந்தை என்னவென்றால், பலருக்குத் தாடையை விரலால் லேசாகத் தொட்டாலே தலை நேராகிவிடும். ‘சும்மா நடிக்கிறார்’ என்று வீட்டில் சந்தேகம் வர இது போதாதா?

வேலைதான் காரணமா? கையில் வரும் டிஸ்டோனியா விஷயத்தில் சான்று வலுவானது. எழுத்தர்களின் கைத் தொல்லையை இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1713-லேயே எழுதிவைத்தார். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷரின் வலக்கை விரல்கள் 1960-களில் சுருண்டன. போட்டாக்ஸ் ஊசியின் உதவியோடு 1990-களில்தான் இரு கைகளாலும் மறுபடி வாசித்தார். கழுத்து விஷயத்தில் அத்தனை உறுதி இல்லை. பரம்பரை, சில மனநல மருந்துகள், வாந்தியை நிறுத்தும் சில மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை.

கெட்டுப்போன உணவில் ஆளையே கொல்லும் பொட்டுலினம் நச்சுதான் இங்கே மருந்து; போட்டாக்ஸ் என்பதும் இதுவே. இழுக்கும் தசையில் துளியளவு ஊசி போட்டால் அது தளரும். அமெரிக்கா 2000-ல் இதைக் கழுத்து டிஸ்டோனியாவுக்கு அனுமதித்தது. ஊசிக்கு அடங்காதவர்களுக்கு மூளையில் மின்முனை பொருத்தும் சிகிச்சை இருக்கிறது. மூளையின் ஆழத்தைக் குறிவைத்துச் செய்யும் அறுவை சென்னைக்குப் புதிதல்ல, பி.ராமமூர்த்தி, வி.பாலசுப்பிரமணியம், டி.எஸ்.கனகா ஆகியோர் 1960-களிலேயே இங்கே செய்தார்கள். அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பு அறுவை மையத்தை உருவாக்கியவரும் ராமமூர்த்தியே.

ஊசியின் பலன் சுமார் 3 மாதம். பிறகு மறுபடி போட வேண்டும், மறுபடி செலவு. தீபாவளி நெருக்கத்தில் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் டெய்லர், அந்த ஒரு நாளையும் தள்ளித்தான் போடுவார்.