போர்க்கப்பல் மரத்தில் ஒரு கடை முகப்பு
லிபர்டி அங்காடி, கிரேட் மார்ல்பரோ தெரு, லண்டன், 1924

வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாய்க் கறுத்த மரச்சட்டங்கள், சரிந்த ஓட்டுக் கூரை, சின்னச் சின்னக் கண்ணாடி கோத்த சன்னல்கள். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மரவீட்டின் சாயலை கட்டடக் கலைஞர் எட்வின் ஹாலும் அவர் மகனும் ஒரு துணிக்கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

சட்டங்களை அருகில் நின்று பாருங்கள். இவ்வகை முகப்புகள் பலவற்றில் மெல்லிய பலகையைச் செங்கல்மேல் ஒட்டிவிடுவார்கள். இங்கே இருப்பது இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்ற இரு பழைய போர்க்கப்பல்களைப் பிரித்தெடுத்த மரம். தோற்றம் பாவனைதான், தச்சு வேலை அசல், அதுவே இதன் பெருமை. கடைக்குள் உங்கள் காலடியில் இருப்பவையும் கப்பல் தளப் பலகைகளே.

உள்ளே பல சிற்றறைகளில் கணப்படுப்பு வைத்தார்கள். வாங்க வருபவர் தம் வீட்டுக்குள் நடப்பதாக உணரவேண்டும் என்பது கடைக்காரரின் எண்ணம்.