பெயர் பதிவேட்டில், செவிலியர் வீட்டில்

புது தில்லி: நாட்டில் பதிவு பெற்ற செவிலியர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் மத்திய சுகாதார அமைச்சகத்திடம் விடை தயாராகவே இருக்கும். 2021 டிசம்பர் நிலவரப்படி சுமார் 33.4 லட்சம் பேர். ஆயிரம் மக்களுக்கு 1.96 செவிலியர் என்பது உறுப்பினர்களுக்கு அளிக்கப்பட்ட கணக்கு. ஆயிரத்துக்கு 3 பேர் வேண்டும் என்பது அதே பதில்களில் ஒப்பிடப்படும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆனால், அந்த 33 லட்சத்தில் இன்று வார்டில் நிற்பவர் எத்தனை பேர், திருமணம், மகப்பேறு, மாமியாரின் நோய், கணவரின் இடமாற்றம் என்று வீட்டோடு தங்கிவிட்டவர் எத்தனை பேர் என்பது அந்த விடையில் இடம்பெறுவதில்லை.

ஓய்வு பெற்றோர், அயல்நாடு சென்றோர் பெயர்களும் மாநில கவுன்சில்களின் பழைய ஏடுகளில் கலந்து கிடந்ததால்தான், ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வழங்கி 'உயிருள்ள பதிவேடு' ஒன்றை உருவாக்கும் பணியை இந்திய செவிலியர் கவுன்சில் மேற்கொண்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 150 மணி நேரத் தொடர் கல்வி வேண்டும் என்பது கவுன்சிலின் வழிகாட்டுதல். கருத்தரங்கில் அமர்ந்த மணிகள் அதில் கணக்கில் வரும். நோயாளியின் படுக்கையருகே நின்ற மணிகள் வாரா.

பிரிட்டனில் அளவுகோல் வேறு. அங்கு மூன்றாண்டுகளில் 450 மணி நேரம் பணிபுரிந்ததைக் காட்டினால்தான் பதிவு நீடிக்கும். காட்ட முடியாதவர் பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் இணைந்து நடத்தும் பணிதிரும்பும் பயிற்சியை முடிக்கலாம். அல்லது திறன் தேர்வு எழுதலாம். கண்டிப்பான விதிதான். ஆயினும், திரும்பி வர விரும்புபவர் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது.

2008-ல் பணியை விட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் வார்டுக்குள் நுழையும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இதயம் நின்றவருக்கு முதலில் மூச்சுப் பாதை, பிறகு சுவாசம், அதன்பின் மார்பழுத்தம் என்றே அவர் பயின்றிருப்பார். பெரியவர்களுக்கு மார்பழுத்தமே முதலில் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010-ல் வரிசையை மாற்றிவிட்டது. 1998-ம் ஆண்டு விதிகளின்படி கழிவுகளைப் பிரித்துப் பழகிய கை, 2016-ம் ஆண்டு விதிகள் வகுத்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலப் பிரிவுகளைப் புதிதாகக் கற்க வேண்டும். குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசி 2011-ல் தமிழகத்திலும் கேரளத்திலும் தொடங்கிப் பிற மாநிலங்களுக்குப் பரவியது. கேஸ் ஷீட்டின் இடத்தைப் பல மருத்துவமனைகளில் கணினித் திரை பிடித்துவிட்டது. இவற்றில் எதுவும் ஒரு சில மாதங்களில் கற்க முடியாததன்று. ஊசி போடும் கையும் நோயாளியின் முகம் பார்த்து நிலை அறியும் கண்ணும் அத்தனை எளிதில் மறப்பதில்லை. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

அதைவிடக் கடினமான தடை வயது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்காக 2020 முதல் நடைபெறும் பொதுத் தகுதித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 30. டிப்ளமோ முடித்தவர் குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவமும் காட்ட வேண்டும். 22 வயதில் படிப்பை முடித்து, 25-ல் மணம் புரிந்து, 35-ல் திரும்பி வருபவருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். அரசுப் பணியில் முன்பே சேர்ந்துவிட்டவரின் நிலை வேறு. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் வரை உண்டு. வேலையை விடாமலே பிள்ளை வளர்க்கலாம். தனியார் மருத்துவமனைச் செவிலியர் ராஜிநாமா கடிதம் எழுதும் இடத்தில், அரசுச் செவிலியர் விடுப்பு விண்ணப்பம் எழுதுகிறார்.

ஆகவே, திரும்பி வருபவருக்கு எஞ்சுவது பெரும்பாலும் தனியார் துறையே. அங்கு ஊதியம் என்ன? உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்றது; 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு ஊதியத்துக்கு இணையாக வழங்கப் பரிந்துரைத்தது. மருத்துவமனைகள் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதால் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் சென்றது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்ற இடங்கள் பல.

கரோனா இரண்டாம் அலையின்போது மட்டும் காட்சி மாறியது. பி.எஸ்சி., ஜி.என்.எம். முடித்தவர்களை மூத்தோர் மேற்பார்வையில் முழுநேரக் கரோனா பணியில் ஈடுபடுத்தலாம் என்று 2021 மே 3-ல் பிரதமர் அலுவலகம் அறிவித்தது. 100 நாள் பணி முடித்தவர்களுக்கு அரசின் நிரந்தர நியமனங்களில் முன்னுரிமை என்றும் கூறியது. மேற்பார்வையில் பணி, பின்னர் வாய்ப்பு என்ற அந்த ஏற்பாடு, பணி திரும்புவோருக்கும் அப்படியே பொருந்தக்கூடியது.

1947-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணைய மசோதா மக்களவையில் நிறைவேறியது 2023 ஜூலை 28-ல். மணிப்பூர் விவகாரத்தில் அவை அமளியில் இருந்த நாள் அது. ஒரு தொழிலின் 76 ஆண்டுச் சட்டம் மாறுவதை ஆற அமர விவாதிக்கும் சூழல் இல்லை. ஆகஸ்ட் 8-ல் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. நாடு தழுவிய பதிவேட்டுக்கு அச்சட்டம் வகை செய்கிறது. பணியில் இருப்பவர், இடைவெளியில் இருப்பவர், திரும்ப விரும்புபவர் என்று அந்தப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள் சேர்ப்பதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. விதிமுறையில் ஒரு வரி போதும். அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் உறுப்பினர் எவரேனும் அமைச்சரிடம் கேட்கத்தக்க வரி அது.