7,000 ரூபாய்க்குள் வீட்டிலேயே பசுமைக்குடில்: ஓசூரில் நாங்கள் செய்த முதல் தப்பு!

பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். முதலில் கம்பெனிக் கூரைகள். ஊரைத் தாண்டி தளி சாலையிலோ பாகலூர் சாலையிலோ திரும்பினால் இன்னொரு வகைக் கூரை வரும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏரித் தண்ணீர் பளபளப்பதுபோல் இருக்கும். கிட்டே போனால் பாலித்தீன். உள்ளே ரோஜா, ஜெர்பரா, குடைமிளகாய். காதலர் தினத்துக்குக் கப்பல் ஏறாமல் விமானம் ஏறும் ரோஜாக்களில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. ஓசூர் அருகே அமுதகொண்டப்பள்ளியில் டிட்கோவின் கூட்டு முயற்சியாக வந்த 'டான்ஃப்ளோரா' பூங்காவைப் பற்றி நீங்கள் செய்திகளில் படித்திருக்கலாம்.

இவ்வளவையும் தினமும் பார்த்தால் எங்கள் வீட்டுக்கும் ஆசை வராதா? வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். அப்பாவுக்கு கம்பெனியில் ஷிஃப்ட், எனக்கு மொபைலில் செய்தி எழுதும் வேலை. அம்மாவுக்குத்தான் தோட்டம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, "ராயக்கோட்டை பக்கத்துல இருந்துக்கிட்டு இந்த விலைக்கா வாங்கணும்?" என்று அம்மா கேட்டதில் தொடங்கியது இந்தக் கதை. தமிழ்நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று எங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்த மாதம் எங்கள் ரசம் வெளுத்துத்தான் இருந்தது.

யூடியூபில் ஒரு வெளிநாட்டு வீடியோ. பைப்பை வில்லாக வளைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் மண்ணில் புதைத்து, ஜிப் வைத்த கதவு. பார்க்க அவ்வளவு அழகு. அப்படியே கட்டினோம். பிப்ரவரி மாதம், காலையில் நல்ல குளிர், நாற்றுகள் ஜோராக நின்றன. நான்காவது நாள் மதியம் கதவைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்ததுபோல் முகத்தில் ஆவி அடித்தது. அறுபது தக்காளி நாற்றும் தலை சாய்ந்து கிடந்தன. "அவிஞ்சே போச்சு" என்றார் அம்மா. நிஜமாகவே அவிந்துதான் போயிருந்தது.

குளிர் நாட்டுக் கூரை

தப்பு எங்கே என்று தேடியபோதுதான் இந்தக் கூரையின் பூர்வீகம் தெரிந்தது. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமர்ட் என்ற தோட்டக்கலைப் பேராசிரியர் இருந்தார். கண்ணாடி மாளிகை கட்டக் கையில் காசு இல்லாததால், 1948-ல் மலிவான பிளாஸ்டிக் தாளை வைத்து ஒரு பசுமைக்குடில் கட்டினார். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பாலிஹவுஸுக்கு அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள். அவருடைய ஊரில் பனி கொட்டும். அங்கே எதிரி குளிர். நம் நாட்டிலேயே லடாக்கில் தரையில் குழி தோண்டி மேலே பாலித்தீன் போட்டு, பனிக்காலத்தில் கீரை வளர்க்கிறார்கள். அங்கேயும் அதே கணக்கு.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகும்தான். ஆனால், அது நமக்குத்தான் குளிர். தக்காளிச் செடி சாகிற குளிர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சாதாரண பாலித்தீன் ஷீட் இரவில் கதகதப்பைப் பிடித்தும் வைக்காது. ராத்திரி உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே குளிர்தான். பகலிலோ, வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார்போல் ஆகிவிடும். உள்ளே சூடான காற்று வெளியே போக வழி இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

தளிப் பக்கம் ரோஜா பாலிஹவுஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் போய் நின்றோம். அவர் எங்கள் போட்டோவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன்னுடைய கூடாரத்தின் பக்கவாட்டைக் காட்டினார். முழுக்க வலை. உச்சியிலும் காற்று போக நீளமாகத் திறப்பு. பாலித்தீன் தலைக்கு மேல் மட்டும். இந்த ஊரில் இது குடை மாதிரி என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மண்டையில் ஏறியது. மழை நேராக இலையில் விழக்கூடாது, ஆலங்கட்டி விழக்கூடாது, பூச்சி வரக்கூடாது. இதற்காகத்தான் கூரை. இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால்தான் தக்காளிக்குக் கருகல் நோய் வரும். விட்டு விட்டு மழை பெய்தால் பழம் வெடிக்கும். இரண்டையும் குடை தடுக்கும்.

இன்னொன்றும் சொன்னார். கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர் இருந்தால் இதை அப்படியே அங்கே கட்டச் சொல்லாதீர்கள் என்று. ஓசூரிலிருந்து சூளகிரி தாண்டி மேலுமலை இறங்கும்போதே காற்றின் சூடு மாறுவது பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பக்கம் பாலித்தீன் கூரை கோடையில் தொல்லை. அங்கே பச்சை நிழல்வலை மட்டும் போட்ட நிழல்வலைக்குடில் போதும். ஒரே மாவட்டம், ஆனால் கூரை வேறு.

இரண்டாவது முறை கட்டியது எப்படி?

எங்கள் குடில் 10 அடி அகலம், 12 அடி நீளம். பிளம்பிங் கடையில் பிவிசி பைப் 20 அடி நீளத்தில் வரும். அதை வெட்டாமல் 10 அடி அகலத்துக்கு வளைத்தால் நடுவில் கிட்டத்தட்ட 7 அடி உயரம் கிடைக்கும், நிமிர்ந்து நடக்கலாம். ஒரு இன்ச் பைப் ஐந்து, 3 அடி இடைவெளியில் ஐந்து வில். உச்சியில் அந்த ஐந்தையும் சேர்த்துக் கட்ட ஆறாவது பைப். (20 அடி பைப்பை ஆட்டோவில் கொண்டுவர முடியாது. குட்டியானைக்குக் கொடுத்த வாடகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்த்திருக்கிறேன்.)

கால் ஊன்றுவதுதான் முக்கியமான வேலை. 12 எம்.எம். முறுக்குக் கம்பியை 4 அடித் துண்டுகளாகக் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். பத்துத் துண்டு வேண்டும். 2 அடி மண்ணுக்குள், 2 அடி வெளியே. வெளியே நிற்கும் கம்பியில் பைப்பைச் சொருகி, இரண்டு பேர் சேர்ந்து வளைத்து எதிர்க் கம்பியில் சொருக வேண்டும். ஒருவர் மட்டும் முயன்றால் பைப் திரும்பி முகத்தில் அடிக்கும். அப்பாவின் கண்ணாடி அப்படித்தான் போனது.

ஷீட் வாங்கும்போது ஏமாறாதீர்கள். பெட்டிக்கடைக்கு மேல் போடுகிற சாதாரண பிளாஸ்டிக் ஒரே கோடையில் பொடிப்பொடியாக உதிரும். யூவி தாங்கும் 200 மைக்ரான் பாலிஹவுஸ் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். ஏறக்குறைய மூன்று வருடம் வரும். எங்கள் அளவுக்கு 16 அடிக்கு 14 அடி போதும். ஏனென்றால், இரண்டு பக்கமும் தரையிலிருந்து 3 அடி உயரத்துக்கு ஷீட் கிடையாது, அங்கே பூச்சி வலை. முன்னாலும் பின்னாலும் மேலிருந்து கீழ்வரை வலைதான். 40 மெஷ் வலை வாங்கினோம். இன்னும் நெருக்கமான வலை போட்டால் பூச்சி குறையும், காற்றும் குறையும்.

பிவிசி பைப் வெயிலில் சூடேறும்; ஷீட் அதைத் தொடும் இடத்தில் சீக்கிரம் கிழியும். பைப்பின் மேல்பக்கத்தில் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். அல்லது பழைய காட்டன் புடவையைக் கிழித்துச் சுற்றுங்கள். நாங்கள் புடவை வழி. மார்ச் முதல் மே வரை கூரைக்கு மேல் 50 சதவிகித நிழல்வலை ஒன்றை விரித்துக் கட்டி, ஜூனில் எடுத்துவிடுகிறோம்.

பைப், கம்பி, ஷீட், வலை, கயிறு, குட்டியானை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 6,500 ரூபாய் ஆனது. மூங்கில் கிடைக்கிற கிராமத்தில் இருப்பவர்கள் பைப் செலவை இன்னும் குறைக்கலாம்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாத மாலையில் இடி மழைக்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு சூறைக்காற்று வரும். மாந்தோப்புக்காரர்களைக் கேட்டால் அதன் குணத்தைச் சொல்வார்கள். முழுக்க மூடிய குடில் அந்தக் காற்றில் பாராசூட். வலை வைத்த குடில் காற்றை ஊடுருவிப் போகவிடும். அதோடு நில்லாமல், இரண்டு வில்லுக்கு நடுவே ஷீட்டின் மேல் கயிறு போட்டு இரண்டு பக்கமும் முளையடித்துக் கட்டுங்கள். போன மே மாதம் ஒரு ராத்திரி, நாங்கள் மூன்று பேரும் டார்ச்சோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முளை ஒன்று பிடுங்கிக்கொண்டது, குடில் நின்றது.

வாடகை வீட்டுக்காரர்கள், மொட்டை மாடி மட்டும் உள்ளவர்கள் இவ்வளவு பெரிதாகக் கட்டவே வேண்டாம். மாடியிலிருந்து பறந்து போய் கரன்ட் கம்பியில் விழுந்தால் யார் பொறுப்பு? 10 அடி எலெக்ட்ரிக்கல் பைப்பை 6 அடி அகலத்துக்கு வளைத்தால் 3 அடிக்குச் சற்று மேல் உயரம் வரும். மண் நிரப்பிய பெயின்ட் பக்கெட்டுகளில் ஊன்றிவிடலாம். நாற்றுக்கும் கீரைக்கும் அந்த உயரம் தாராளம். ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் காய்க்காது!

முதல் வருடம் அம்மா ஆசையாகப் பாகற்காயும் பூசணியும் போட்டார். கொடி கூரையைத் தொட்டது, பூ பூத்துக் குலுங்கியது, ஒரு பிஞ்சு நிற்கவில்லை. வலைக்குள் தேனீ எப்படி வரும்? பாகல், பூசணி, சுரை எல்லாவற்றுக்கும் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்கு யாராவது கொண்டுபோக வேண்டும். காலையில் ஆண் பூவைப் பறித்து நாமே தடவினால்தான் காய். பாலிஹவுஸில் வெள்ளரி வளர்க்கிறவர்கள் மகரந்தம் இல்லாமலே காய்க்கிற தனி ரகத்தை நடுகிறார்கள். தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே பூவிலேயே வேலை முடியும். கட்டிய கயிற்றைக் காலையில் லேசாகத் தட்டிவிட்டால் போதும். கொத்தமல்லி, பாலக், புதினாவுக்குப் பூவே தேவையில்லை. மழையில் அழுகும் கொத்தமல்லி உள்ளே நிம்மதியாக வளர்கிறது.

குடைக்கும் பக்க விளைவு உண்டு. மழை இலையைக் கழுவாததால் செம்பேன் சுலபமாக ஏறும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், அதுவும் காலையில், இலை சீக்கிரம் காயட்டும். மண்ணையும் மழை கழுவாது. போர் தண்ணீரின் உப்பு மேலே படியும். ஷீட் மாற்றும் வருடத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கூரையில்லாமல் விட்டால் மண் தேறும். வருடாவருடம் தக்காளியே நட்டால் வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு வரும். நடுவில் ஒரு முறை செண்டுமல்லி போடுங்கள். கிழிந்த ஷீட்டை எரிக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக் எடுப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு என்று இல்லாமல் தொழிலாகவே செய்ய நினைக்கிறவர்கள், வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய் மானியம் பற்றிக் கேளுங்கள். பாலிஹவுஸுக்கும் நிழல்வலைக்குடிலுக்கும் அரசு நிர்ணயித்த செலவில் 50 சதவிகிதம் தரும் திட்டம் உண்டு. தளியில் இந்தோ-இஸ்ரேல் திட்டத்தில் அமைந்த மலர்களுக்கான மகத்துவ மையத்தை ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த அளவுக் குடிலை யூடியூப் பார்த்துக் கட்டக்கூடாது. 2020 ஊரடங்கில் பறித்த ரோஜாவைக் குப்பையில் கொட்டிய ஊர் இது; சந்தை கவிழ்ந்தால் கூரை காப்பாற்றாது என்பதையும் அந்த விவசாயிகளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் குடிலில் இப்போது பதினெட்டு தக்காளிச் செடிகள், ஒரு பாத்தி கொத்தமல்லி. விலை ஏறினாலும் ரசம் சிவப்பாகவே இருக்கிறது. போன அக்டோபரில் நாலு நாள் அடைமழை. உள்ளே தக்காளி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனால், உச்சிப் பைப்பில் அப்பாவின் கம்பெனி யூனிஃபார்ம் இரண்டு செட் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது மழை வந்தால் அம்மா முதலில் ஓடுவது அங்கேதான், கையில் துணி பக்கெட்டோடு.