பஞ்சாங்கத்தை மறந்த ஜிபிஎஸ் கருவி

பத்துமலையின் 272 படிகளை ஏறிக் குகைக்குள் போனதும் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி தடுமாறும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் துணைக்கோளின் அலை மிகவும் மெலிந்தது. தலைக்கு மேலுள்ள சுண்ணாம்புப் பாறையைத் தாண்டி வர அதற்கு வலு இல்லை. வெளியே வந்து வானத்தைப் பார்த்தபடி நின்றால் சில விநாடிகளில் புள்ளி சரியாகிவிடும்.

இப்போது அதே இடத்தில், மலையேறும் கழகத்தின் அலமாரியில் இருந்த பழைய ஜிபிஎஸ் கைக்கருவி ஒன்றைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுதான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆனாலும் பத்து நிமிடம் ஆகியும் அது துணைக்கோள்களைத் தேடிக்கொண்டே இருக்கிறது. தேதியும் தவறாக இருக்கிறது. கருவி கெட்டுப்போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. உள்ளே பலகையில் பொருத்தியிருக்கும் சின்ன லித்தியம் மின்கலம் தீர்ந்திருக்கும்.

வெளியே நாம் மாற்றும் பேட்டரி வேறு, இது வேறு. கருவியை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட வைப்பதும், எந்தத் துணைக்கோள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்ற அட்டவணையைக் காப்பதும் இதன் வேலை. அந்த அட்டவணையைத் துணைக்கோள்களின் பஞ்சாங்கம் என்றே சொல்லலாம். அது கையில் இருந்தால் கருவி நேராகச் சரியான துணைக்கோளைத் தேடும். மறந்துவிட்டால் வானத்திடமே மீண்டும் கேட்டு வாங்க வேண்டும். துணைக்கோள் விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் பேசும். முழுப் பஞ்சாங்கமும் 37,500 பிட்டுக்குள் வருகிறது. வகுத்துப் பாருங்கள்: 750 விநாடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். கைப்பேசிக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அது தேவையானதை இணையத்தில் வாங்கிக்கொள்கிறது.

மின்கலம் எத்தனை ஆண்டு தாங்கும்? சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரியில் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் இருக்கும். கருவி அணைந்திருக்கும்போது 5 மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுத்தால் 44,000 மணி நேரம், ஏறக்குறைய ஐந்தாண்டு ஓடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடக்கும் கருவியில் அதைவிடச் சீக்கிரம் தீரும். சூடு மின்கலத்தின் பகை.

ஆபத்து மாற்றும்போதுதான் வருகிறது. மின்கலத்தின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளை முதலில் படியுங்கள். 2032 என்பது அளவு மட்டுமே: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. சிஆர், எம்எல், எல்ஐஆர் என்ற மூன்று வகைகளும் அதே அளவில் கிடைக்கின்றன. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான், உள்ளே அப்படியில்லை. சிஆர் 3 வோல்ட், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது. எம்எல் அதுவும் 3 வோல்ட்தான், ஆனால் மீண்டும் மின்னேற்றம் செய்யக்கூடியது. எல்ஐஆர் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட்டைத் தொடும். சில கருவிகள் ஓடும்போதே உள்மின்கலத்தை மின்னேற்றம் செய்கின்றன. அங்கே, கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று சிஆர் வகையைப் போட்டால், மின்னேற்றம் செய்யக்கூடாத மின்கலத்துக்குள் மின்சாரம் தள்ளப்படும். அது வீங்கலாம், கசியலாம், தீப்பிடிக்கலாம். மாறாக, சிஆர் இருந்த இடத்தில் எல்ஐஆரைப் போட்டால் கூடுதல் வோல்ட்டில் சில்லு பழுதாகலாம். அளவு பொருந்துகிறது என்பதற்காக எதையும் பொருத்தாதீர்கள். பழையதில் உள்ள எழுத்தும் கருவியின் கையேடும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு தவறு, மின்கலத்தின் மேலேயே ஈயம் வைத்துப் பற்றவைப்பது. சால்டரிங் அயர்னின் முனை 350 டிகிரி செல்சியஸ் வரை போகும். லித்தியம் 180 டிகிரியிலேயே உருகிவிடும். கூடவே உள்ளே தீப்பற்றும் திரவமும் இருக்கிறது. தொழிற்சாலைகளில் உலோகத் தகடுகளை மின்கலத்தோடு கண்ணிமைக்கும் நேரத்தில் ஒட்டிவிடுவார்கள். சூடு உள்ளே இறங்க அவகாசமே இருக்காது. ஆகவே பலகையில் பற்றவைத்த மின்கலமாக இருந்தால், தகடு ஒட்டியே விற்கும் மின்கலத்தை வாங்கித் தகட்டில் மட்டும் பற்றவைக்க வேண்டும். இதைத் தனியே செய்யாதீர்கள். பள்ளிப் பட்டறையில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

கூண்டில் செருகும் வகை என்றால் வேலை சுலபம். சேமித்த இடக்குறிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில பழைய கருவிகளில் அவையும் அழிந்துபோகும். வெளிப் பேட்டரியையும் மின்கம்பியையும் கழற்றுங்கள். கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று படம் எடுத்துவையுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் இரு முனைகளும் இணைந்து குறுக்குச்சுற்று ஏற்படலாம். மரக்குச்சியோ பிளாஸ்டிக் துண்டோ போதும். பழைய சிஆர் மின்கலத்தை மல்டிமீட்டரில் அளந்தால், 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதன் காலம் முடிந்தது. வீங்கியோ கசிந்தோ இருந்தால் வெறுங்கையால் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

கழற்றியதை மேசையில் விட்டுப் போகாதீர்கள். தீர்ந்த மின்கலத்திலும் கொஞ்சம் வோல்ட் மிச்சமிருக்கும். தம்பி தங்கை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தோடு சேர்ந்து காரத்தை உண்டாக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 999-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழையதன் இரு முகங்களிலும் ஒட்டுநாடா ஒட்டி மின்கழிவு சேகரிப்புப் பெட்டியில் போடுங்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் லித்தியம் மின்கலக் கழிவும் இருக்கிறது. வீட்டுக் குப்பையில் அதற்கு இடமில்லை.

புதிய மின்கலத்தோடு கருவியைத் திறந்தவெளியில் வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். பத்துமலையின் கீழே, படிகள் தொடங்கும் முன்னுள்ள பரந்த இடம் நன்றாக இருக்கும். பாறைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நில்லுங்கள். பிறகு அணைத்து, வெளிப் பேட்டரியைக் கழற்றி மாட்டித் திறந்தால் நேரம் மாறாமல் இருக்க வேண்டும். இடம் சரியாகக் காட்டியும் தேதி மட்டும் 19 ஆண்டுக்கு மேல் பின்னால் போயிருந்தால் மின்கலத்தைக் குறை சொல்லாதீர்கள். ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரைதான் எண்ணும். பிறகு மறுபடியும் பூச்சியம். மலேசிய நேரப்படி 2019 ஏப்ரல் 7 காலை எட்டு மணிக்குச் சற்று முன் அப்படித் திரும்பியது, பழைய கருவிகள் சில அதில் குழம்பிப்போயின. அடுத்த முறை 2038 நவம்பரில்.