கிறீன்விச்சில் கரையிறங்கிய ஜேர்மன் மன்னர்

குட்மேய்ஸில் வாழும் நமக்குத் தேம்ஸ் நதிக்கு அப்பாலுள்ள கிறீன்விச் அதிக தூரமன்று. 1714 செப்டெம்பரில் ஹனோவர் அதிபதியான முதலாம் ஜோர்ஜ், பிரித்தானிய மன்னராக அங்கேதான் கரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது 54, ஆங்கிலமோ அரைகுறை. அமைச்சர்களுடன் பிரெஞ்சு மொழியிலேயே உரையாடினார். வைத்தியரிடம் செல்லும்போது மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம் முதியோருக்குள்ள கூச்சம் மன்னருக்கு ஏது?

தரங்கம்பாடியில் தமிழ் கற்று, தமிழ் நூல்களை அச்சேற்றிய ஜேர்மன் பாதிரியார் சீகன்பால்கு, 1715இல் இலண்டன் வந்து இம்மன்னரைச் சந்தித்தார் என்பது நமக்கு இனிய செய்தி.

மனைவியை முப்பதாண்டுகளுக்கு மேல் ஆல்டன் மாளிகையில் சிறைவைத்த கொடுமையை நாம் மறைப்பதற்கில்லை.

ஆயினும் ஊர்ப்பற்று அவரை விடவில்லை. அரசராயிருந்தபோது ஐந்து முறை ஹனோவர் சென்று மீண்டார். 1727இல் ஆறாம் முறை செல்கையில், வழியில் ஒஸ்னாப்ரூக்கில் காலமானார். உடலை எவரும் இலண்டனுக்குக் கொண்டுவரவில்லை. ஹனோவரிலேயே அடக்கம் செய்தனர்.