பயிரில் மாடு மேய்ந்தால் என்ன செய்வது?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் அவிழ்த்துவிட்ட மாடு இரவில் நிலக்கடலையில் இறங்கினால், விடிந்ததும் இரு குடும்பத்துக்கும் சண்டைதான். இதற்கு விக்டோரியா ராணி காலத்திலேயே, 1871-ல், கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது.

அதன்படி, பயிரை அழிக்கும் மாட்டை நிலத்துக்காரர் பிடிக்கலாம். ஆனால் தன் தொழுவத்தில் வைத்துக்கொள்ளாமல், 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்ப வேண்டும். மாட்டுக்காரர் அபராதமும் தீவனச் செலவும் கட்டி மீட்கலாம். 7 நாளில் யாரும் வராவிட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல், அறிவிப்பு, பிறகு ஏலம். சாலையையும் கால்வாய்க் கரையையும் சேதப்படுத்தும் மாடுகளைப் போலீசாரே பிடிக்கலாம்.

அந்த அபராதம் பயிர் இழப்பை ஈடுகட்டாது. நஷ்டஈட்டுக்கு நீதிமன்றம் போகும் உரிமை தனி. எனவே மாட்டை அடிக்காதீர்கள், மின்வேலி போடாதீர்கள். சேதத்தைப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்துமூலம் கொடுங்கள். மாடு வளர்ப்போர் அறுவடை வரை இரவில் கட்டிவையுங்கள்.