வெள்ளமும் கையிருப்பும்

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பர் நம் முன்னோர். அணை மட்டும் போதுமா? வெள்ளம் வடிந்த மறுநாள் எதைக் கொண்டு வாழ்வது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் மலேசியத் திருநாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அதன் வெள்ளம் கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களுக்கே உரியது என மேற்குக் கரையில் வாழும் நம்மிற் பலர் நினைத்திருந்தோம். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் கொட்டிய மழை அந்நினைப்பைக் கலைத்தது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். அப்பருவ வெள்ளங்களால் நாட்டிற்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 610 கோடி வெள்ளி எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் வீடுகளுக்கு நேர்ந்தது மட்டும் 160 கோடி. அரசாங்கம் குடும்பத்திற்கு 1,000 வெள்ளி வழங்கிற்று. அடுப்பும் மெத்தையும் வாங்கவே அது சரியாயிருக்கும்.

நாடு முன்கூட்டிச் செலவிடுவதும் உண்டு. 1971இல் தலைநகர் வெள்ளத்தில் மூழ்கியது. 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கத்திற்கு ஏறத்தாழ 190 கோடி வெள்ளி ஆயிற்று. அதன் ஒரு பகுதியில் மோட்டார் வண்டிகள் கட்டணம் செலுத்தி ஓடுகின்றன. பெருவெள்ளம் வந்தால் சாலையை மூடி நீரைத் திருப்பிவிடுவர். ஆயினும் அது காப்பது தலைநகரின் நடுப்பகுதியையே.

ஆகவே, வீட்டிற்கும் ஓர் ஏற்பாடு தேவை. காப்புறுதி அத்தகையது. தோட்டங்களில் நம் தாய்மார் சீட்டுப் பிடித்ததை அறிவோம். அதில் ஒவ்வொருவருக்கும் முறை வரும். காப்புறுதியிலோ துன்பம் நேர்ந்தவருக்கே பணம் வரும்; மற்றவர்கள் வராததற்காக மகிழ வேண்டியதுதான்!

ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்குவதில்லை. மோட்டார் வண்டிக் காப்புறுதியிலும் பெரும்பாலும் அவ்வாறே. கூடுதல் தொகை செலுத்தித்தான் அதனைச் சேர்க்கவேண்டும். பலர் இதனை அறிந்தது வண்டி நீரில் மூழ்கிய பின்னரே.

அப்பத்திரங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பள்ளியில் அம்மொழிகளைப் பயிலும் மாணவர்களே, இன்று மாலை வீட்டுப் பத்திரத்தை எடுத்து, ‘பஞ்சிர்’ என்னும் சொல் அதில் இருக்கிறதா எனப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள்.